டேப்பின் நுனி

"பத்து!" என்று நுனியார் கத்தினார்.

அலமாரியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அளவு டேப்பில் பத்து என்று போட்டிருந்த கோட்டைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார். மேலே ஏணியில் நின்ற தச்சர் டேப்பை இழுத்துப் பார்த்து, "இருநூத்து இருபது. பத்து போனா இருநூத்துப் பத்து," என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அந்த டேப்பின் நுனி ஒடிந்து வெகுநாளாகிவிட்டது. கொக்கி போனது முதலில். பிறகு ஒன்றும் இரண்டும் மூன்றும் மடங்கி மடங்கி உதிர்ந்தன. மிச்சமிருந்த எண்கள் தேய்ந்து வெறும் மஞ்சளாகிவிட்டன. தெளிவாகத் தெரிகிற முதல் எண் பத்துதான். அதனால் பத்திலிருந்து வைத்து அளந்தார்கள். இடத்தை அளக்கும்போது வருகிற அளவில் பத்தைக் கழிக்க வேண்டும். அதே அளவைப் பலகையில் குறிக்கும்போது பத்தைக் கூட்ட வேண்டும். நுனி பிடிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் "பத்து" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது அவர்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பதினான்கு வருஷமாக நுனி பிடித்துப் பிடித்தே அவருக்கு நுனியார் என்று பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேரை வைத்தவர் பாலிஷ்காரர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

புது டேப் ஒன்றின் விலை நுனியாரின் அரை நாள் கூலிகூட இல்லை. ஆனால் யாரும் வாங்கவில்லை. போன வருஷம் துளை போடுகிற பிட் தேய்ந்தபோது வேலை நிற்கிறதே என்று தச்சர் கையிலிருந்து போட்டு வாங்கினார். அதோடு சரி, காண்ட்ராக்டர் பிட் வாங்கிக் கொடுப்பதையே மறந்துபோனார். டேப்பும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் தச்சர் பிடிவாதமாக இருந்தார்.

பக்கத்து அறையில் அறுப்பு மெஷின் மேசைமேல் நான்கு பலகைகள் கிடந்தன. அலமாரிக் கதவுக்கென்று வந்த விலை கூடின பலகைகள். மாடிப்படி குறுகல் என்பதால் ஒவ்வொன்றாகத் தோளில் சாய்த்து மூன்று மாடி ஏற்றியவர் நுனியார்தான். இன்னும் நான்கு பலகை வரவேண்டியிருக்கிறது, குழந்தைகள் அறை அலமாரிக்கு.

தச்சர் முதல் பலகையில் டேப்பை விரித்தபோது அவருடைய போன் அடித்தது, பையன்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டார்.

"என்னடா சொல்றே? எங்க இடிச்சே? கார்க்காரன் என்ன சொல்றான்?"

நுனியார் பலகையின் ஓரத்தில் கோட்டை வைத்துக்கொண்டு "பத்து!" என்றார். தச்சர் தலையாட்டினார். பாலிஷ்காரர் ஜன்னலோரம் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தேய்க்கத் தொடங்கினார்.

"வண்டி சாவியைப் பிடுங்கிக்கிட்டானா? நீ ஒண்ணும் பேசாதே. நான் வரேன். வேலை முடிச்சிட்டு வரேன்னு சொல்லு," என்று போனில் சொல்லிக்கொண்டே தச்சர் இருநூற்றுப் பத்தில் கோடு போட்டார்.

மெஷின் ஓடியது. வெட்டின முதல் பலகையை அச்சாக வைத்து மற்ற மூன்றையும் அதே அளவுக்கு வெட்டினார்கள். எப்போதும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும். மரத்தூள் நுனியாரின் இமைமேல் படிந்தது. நல்ல பலகையின் தூளுக்கு ஒரு வாசனை உண்டு, அது அவருக்குப் பிடிக்கும்.

முதல் கதவைத் தூக்கி அலமாரியில் பொருத்தியபோது மேலே பத்து சென்டிக்கு இருட்டு தெரிந்தது.

தச்சர் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினார். இருட்டு கீழே வந்தது. மறுபடி இறக்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான்," என்றார் நுனியார் மெதுவாக, "பத்து கூட்டலையா?"

தச்சர், நுனியாருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தச்சர் ஏணிப்படியில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தார்.

பாலிஷ்காரர் எழுந்து வந்து இடைவெளியைப் பார்த்தார். "பூனை போய்வர வழி வெச்சிருக்கீங்க போல," என்றார். ஒருவரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

காண்ட்ராக்டர் நான்கு மணிக்கு வருவார். வந்ததும் நேரே அலமாரியைத்தான் பார்ப்பார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பலகையைக் கெடுத்தவன் யாரோ அவனுக்குப் பத்து நாள் கூலி கிடையாது. வாரத்துக்கு மூன்று நாளாகப் பிடிப்பார். பலகை என்ன விலையானாலும் சரி, கெடுத்தவன் தச்சரானாலும் கையாளானாலும் சரி, பத்து நாள்தான். எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மூன்றரைக்குத் தச்சர் நுனியாரைக் குளியலறைப் பக்கம் கூப்பிட்டார். ஓடு பதிக்காத சுவர். தரையில் சிமெண்டு மூட்டைகள்.

"மாப்ளே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

வேலையிடத்தில் தச்சர் அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவார். "நீங்க" என்பது வீட்டில், அதுவும் நாலு பேர் கூடியிருக்கும்போது, தங்கச்சி புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதை. அது இங்கே வந்தால் விஷயம் பெரிது.

"தப்பு என்னோடதுதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா என் பத்து நாள் போனா, அது உங்களோட இருபது நாள் கூலி. உங்க பேர்ல பிடிச்சா போறது உங்க பத்து நாள். எனக்கு அது அஞ்சு நாள். புரியுதா?"

"புரியுது."

"நீங்க நுனியில பத்துன்னு சொல்ல மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் பிடிக்கிறதை வாராவாரம் நானே கையில கொடுத்துடறேன். உங்களுக்கு ஒரு காசு நட்டம் வராது. பையன் இடிச்ச காருக்கு நான் கொடுக்கணும், மாப்ளே. இல்லைன்னா வண்டியை விடமாட்டான். பத்து நாள் கூலியை நான் எங்க போய்த் தேடுவேன்?"

நுனியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவருடைய கூலி தச்சர் கூலியில் பாதி. ஆகவே அவருடைய குற்றமும் பாதி விலைக்கு முடிந்துவிடும். அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"சனிக்கிழமை எனக்குப் பணம் முழுசா வேணும் மச்சான். பெட்டி விஷயம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியாதா? என் தங்கச்சி தலையில அடிச்சு சத்தியம்."

"அவ தலையை எதுக்கு இழுக்கறீங்க," என்றார் நுனியார். "சரி, சொல்றேன்."

காண்ட்ராக்டர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் மரத்தூளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, சாத்தி வைத்திருந்த கதவுகளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை அந்த இடைவெளியில் விட்டு ஆட்டினார்.

"யாரு?"

மெஷின் நின்றிருந்ததால் கீழே தெருவில் போகிற வண்டிகளின் சத்தம் நன்றாகக் கேட்டது. தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நுனியார் நினைக்கவில்லை.

"நான்தான் முதலாளி. நுனியில பத்து வெச்சிருந்தேன். சொல்ல மறந்துட்டேன்."

ஜன்னலோரம் பாலிஷ்காரர் இருமினார். காண்ட்ராக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பாலிஷ்காரர் உப்புத்தாளை நான்காக மடித்து ஈடுபாட்டோடு தேய்க்கத் தொடங்கினார்.

"ஒரு எண்ணைச் சொல்றதுதான்யா உன் வேலையே. அதைக்கூட மறந்துட்டியா?" என்றார் காண்ட்ராக்டர். குரலை உயர்த்தவில்லை. "பத்து நாள். சட்டம் தெரியுமில்ல? அந்த நாலையும் ஓரமா நிறுத்தி வை. கீறல் விழக் கூடாது."

நுனியார் நான்கு பலகைகளையும் சுவரோரம் நிறுத்தி, நடுவில் பழைய அட்டைகளைச் செருகி வைத்தார்.

நுனியார் குடும்பம் இருந்தது ஒரே அறை வீடு. அடுப்பு ஒரு மூலையில், துணிக்கயிறு குறுக்கே. அவர் மனைவி சலவை நிலையத்தில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. அவளுக்கு மாதம் என்றால் தேதி இல்லை, புருஷனின் கூலி நாட்கள்தான். ஒன்பது நாள் வீட்டு வாடகைக்கு. பத்து நாள் அரிசி, பருப்பு, எண்ணெய். மூன்று நாள் மருந்துக்கடை. இரண்டு நாள் பஸ்ஸுக்கு. மாதத்தில் வேலை இருப்பதே இருபத்துநாலு இருபத்தைந்து நாள். அவள் சம்பளம் பள்ளிக்கூடத்துக்கும் கரண்டுக்கும் போய்விடும். இதற்குள் எப்படியோ பிடித்து இழுத்து ஒன்பது நாள் கூலியைச் சேர்த்து வைத்திருந்தாள். பெட்டிக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும்.

பெட்டி என்பது கருவிப் பெட்டி. அடுத்த தெருவில் ஒரு தச்சர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், தொழிலை விட்டுவிட்டார். அவருடைய ரம்பம், இரண்டு இழைப்புளி, ஏழு உளி, கைத் துரப்பணம், மூலைமட்டம், எல்லாம் சேர்த்து விலைக்குச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருப்பேன், அதற்குமேல் கேட்டவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றிருந்தார். சொந்தப் பெட்டியோடு வருகிறவனைத்தான் காண்ட்ராக்டர் தச்சர் கணக்கில் சேர்ப்பார். நுனியாருக்கு வாக்கும் கொடுத்திருந்தார். பெட்டியோடு வா, அடுத்த நாளிலிருந்து அரைத் தச்சர் கூலி. அது கையாளுக்கும் முழுத் தச்சருக்கும் நடுவில், இப்போதைய கூலிபோல ஒன்றரை மடங்கு. அந்தக் கூடுதல் பாதி வந்தால் மனைவி காலையும் மாலையும் நிற்கிற வேலையில் ஒரு வேளையையாவது விடலாம். டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

நடந்ததை நுனியார் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்க அண்ணன் கேட்டதா? நீங்களா போய்ச் சொன்னதா?"

"அவர்தான் கேட்டார். நட்டம் ஒண்ணும் இல்லையே. சனிக்கிழமை அவரே கொடுத்துடுவார்."

"கொடுப்பான். காசு விஷயத்துல பொய் சொல்லமாட்டான்," என்றாள். பிறகு, "ஆனா கெட்ட பேர் உங்களுக்குத்தானே? அதை எப்படித் திருப்பிக் கொடுப்பான்?"

"பேரை வெச்சு நாக்கு வழிக்கவா?" என்று சிரித்தார் அவர். அவளும் சிரித்தாள், ஆனால் அரைமனதாக. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காண்ட்ராக்டர் கீழ்ப்படியில் நின்று கூலி கொடுத்தார். தச்சருக்கு ஆறு நாள். பாலிஷ்காரருக்கு ஐந்து நாள். நுனியாருக்கு மூன்று நாள். அவர் வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காண்ட்ராக்டர் பைக் பக்கம் திரும்பியதும், மேல்படியிலிருந்து தச்சர் குனிந்து, தன் பணத்திலிருந்து மூன்று நாள் கையாள் கூலியைப் பிரித்து அவர் கையில் திணித்தார். சொன்ன சொல் தவறவில்லை. நுனியாருக்கு மச்சான்மேல் பாசமே வந்துவிட்டது.

இறங்கிப் போய்க் காண்ட்ராக்டரின் முன்னால் நின்றார்.

"முதலாளி, நாளைக்குப் பெட்டியை எடுத்துடறேன். திங்கக்கிழமை பெட்டியோட வந்துடறேன்."

காண்ட்ராக்டர் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "என்ன பெட்டி?"

"கருவிப் பெட்டி. அரைத் தச்சர் கூலின்னு சொல்லியிருந்தீங்களே."

காண்ட்ராக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை; உண்மையிலேயே ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"செவ்வாக்கிழமை நாலு பலகையைக் கெடுத்துட்டு, திங்கக்கிழமை தச்சர் ஆகணும்ங்கறியா? நுனி பிடிக்கத் தெரியாதவன் கையில ரம்பத்தைக் கொடுத்தா என் பொழப்பு என்னய்யா ஆகுறது?"

இது நுனியார் போட்ட கணக்கில் வரவே இல்லை. தச்சரின் கணக்கிலும் வந்திருக்காது. திரும்பிப் பார்த்தார். தச்சர் மேல்படியிலேயே பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது.

இப்போது சொல்லலாம். நான் பத்து என்று சொன்னேன், பாலிஷ்காரரைக் கேளுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் தச்சருக்குப் பத்து நாள் போவது மட்டுமில்லை, ஆளையே அனுப்பிவிடுவார். பொய் சொன்னதற்குத் தன்னையும் அனுப்புவார். நுனியார் காத்திருந்தார், மேலேயிருந்து ஒரு வார்த்தை வரும் என்று.

"முதலாளி," என்றார் தச்சர். "அவன் நல்ல வேலைக்காரன். கை சுத்தம். ஏதோ ஒரு தடவை..."

"உன் தங்கச்சி புருஷன்னு நீ சொல்றே. அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று காண்ட்ராக்டர் பைக்கை உதைத்தார்.

பைக் தெருமுனையில் திரும்பும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலிஷ்காரர் மட்டும் நுனியாரின் பக்கத்தில் வந்து, "எனக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா வாய்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை நுனியார் அடுத்த தெருவுக்குப் போனார். இடுப்பு போன தச்சர் கட்டிலில் படுத்தபடியே பெட்டியைத் திறந்து காட்டினார். உளிகளுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருந்தார். நுனியார் இழைப்புளியை எடுத்து அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வேற யாருக்காச்சும் கொடுத்துடுங்க. எனக்கு இப்ப தோதுப்படலை."

"காசு குறையுதா? கொஞ்சம் குறைச்சுக்கறேன்பா."

"காசு இருக்குண்ணே," என்றார் நுனியார். "காசு இருக்கு."

மனைவியிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் வழக்கம்போல விடியும்முன் எழுந்து, வீங்கின காலைச் செருப்பில் திணித்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை லாரியில் பலகைகள் வந்தன. நுனியார் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். நான்கு ஏற்றிவிட்டு ஐந்தாவதுக்கு இறங்கினார். லாரி காலியாக இருந்தது.

"மிச்சம் எப்ப வரும்? கெட்டதுக்கு மாத்தா நாலு பலகை?" என்று டிரைவரைக் கேட்டார்.

"என்ன மிச்சம்? மொத்தம் எட்டு. போன தடவை நாலு, இப்ப நாலு. தீர்ந்துது."

மூன்று மாடி ஏறி வருவதற்குள் நுனியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. புதுப் பலகைகளில் பெரிய அறைக்குக் கதவு வெட்டினார்கள். அவர் "பத்து" என்றார். தச்சர் "பத்து, கூட்டியாச்சு," என்று இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். அந்த நாள் முழுக்க அவர் நுனியாரை "நீங்க" என்றேதான் கூப்பிட்டார். கேட்கக் கேட்க நுனியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காண்ட்ராக்டர் குழந்தைகள் அறைக்கு வந்தார். வீட்டுச் சொந்தக்காரரும் கூட வந்திருந்தார். காண்ட்ராக்டர் அலமாரி அடிக்க வேண்டிய சுவரைக் காட்டி, "இங்க பத்து சென்டி இறக்கியே அடிச்சிருங்க. குழந்தைங்களுக்கு அவ்வளவு உயரம் எதுக்கு? மேல ஒரு மரப்பட்டி ஒட்டிட்டா எடுப்பா இருக்கும்," என்றார். பிறகு தச்சர் பக்கம் திரும்பி, "கதவு தயாரா இருக்கில்ல? அந்த அளவுக்கு அலமாரியை அடிச்சுக்கோ," என்றார்.

"இதுவும் அதே பலகைதானே? அதே விலைதானே போட்டிருக்கீங்க?" என்று சொந்தக்காரர் கேட்டார்.

"அதே பலகைதான் சார். அறுத்த தூளைத் தவிர ஒண்ணும் வீணாகலை."

தச்சர் நிமிர்ந்து நுனியாரைப் பார்த்தார். நுனியார் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் போய், தான் செருகிவைத்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒரு பலகையிலும் ஒரு கீறல் இல்லை.

சனிக்கிழமை குழந்தைகள் அறை அலமாரி எழுந்து நின்றது. கதவு மாட்ட வேண்டும். கீலில் திருகு ஏற்றி முடிகிறவரை கையாள் கதவை எடை தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுனியார் முதல் கதவின் அடியில் புறங்காலைக் கொடுத்து, நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் முட்டுக்கொடுத்து நின்றார். மேலேயும் கீழேயும் முடி அளவு இடைவெளிகூட இல்லை. மூக்குக்கு நேரே அந்த மரத்தின் வாசனை வந்தது.

தச்சர் திருகாணியை வாயிலிருந்து எடுத்து வைத்தார். திருகு நழுவித் தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார்.

வாசலில் கூலிப் பணத்தோடு வந்து நின்றிருந்த காண்ட்ராக்டர், நுனியாருக்கு உரிய ஆறு நாளிலிருந்து மூன்று நாளைப் பிரித்துத் தன் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அசையாமப் பிடிய்யா. நல்ல பலகை."

நுனியார் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.